மலேசியா பல இன நாடானது எப்படி: காற்று, கப்பல், லயம்

"அலை அலையாக வந்த குடியேறிகள் மலேசியாவின் பல இனச் சமூகத்தை எப்படி உருவாக்கினார்கள்? சிலர் உள்ளூரோடு கலந்துவிட்டார்கள், சிலர் தனியாகவே நின்றுவிட்டார்கள், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், பிறந்தவன். சின்ன வயதிலிருந்தே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராஜேந்திர சோழனில் தொடங்குவார்கள். 1025-இல் சோழர் கடற்படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியது உண்மை. எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கே போய் நின்றபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் இன்றைக்கு இங்கே வாழும் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தப் படையோடு வந்தவர்களின் பிள்ளைகள் இல்லை. நாங்கள் கூலிக்கு ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். அதை மறந்துவிட்டு இந்தச் சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

சரி, கலந்தவர்களைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

மலாக்கா துறைமுகம் 1400 வாக்கில் எழுந்தது. பாய்மரக் கப்பல் காலம். ஒரு பருவக்காற்றில் வந்து சேர்ந்த வணிகன், காற்று திசை மாறும் வரை திரும்பிப் போக முடியாது. மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். கூட வீட்டுப் பெண்கள் கிடையாது. தங்கியவர்கள் உள்ளூரில் பெண் எடுத்தார்கள், வீட்டில் மலாய் பேசினார்கள். தோமே பீரிஸ் என்ற போர்த்துக்கீசியர், மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்குப் போன 1511-ஐ ஒட்டிய காலத்தில் அந்த ஊரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் பிறந்த சமூகங்கள்தான் சீன வழி வந்த பாபா நியோன்யாக்களும், தமிழ் வழி வந்த மலாக்கா செட்டிகளும். போர்த்துக்கீசிய வழி வந்த கிறிஸ்தாங் மக்களையும் இதே வரிசையில் வைக்கலாம்.

சில வருடங்களுக்கு முன்பு போகியன்று, மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் செட்டிகளின் வீடு ஒன்றுக்கு நண்பர் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே முன்னோருக்குப் படையல். அதை அவர்கள் பர்ச்சு என்கிறார்கள். தரையில் வரிசையாக வாழையிலைகள், ஒவ்வொன்றிலும் சோறு, குழம்பு, பக்கத்திலேயே சம்பால், நியோன்யா வீடுகளில் செய்யும் பலகாரம். சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த அம்மா கட்டியிருந்தது மலாய்ப் பாணிச் சாரோங்கும் கெபாயா மேல்சட்டையும். நெற்றியில் திருநீறு. நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் உட்காரச் சொன்னார். தமிழ் அவருக்கு வராது. பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்று பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவர்கள் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது; அதே தெருவில் மசூதியும் சீனக் கோயிலும் இருக்கின்றன. மொழி போய்விட்டதே என்று அன்று எனக்கு ஒரு வருத்தம். ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு இலையையும் காட்டி இது மாமனாருக்கு, இது பெரிய பாட்டிக்கு என்று சொன்ன விதத்தைப் பார்த்தபோது, இவர்களிடம் எது குறைந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கலப்பு ஒருபக்கமாகவும் நடக்கவில்லை. மலாய் மொழியில் கடை என்றால் கெடாய், கப்பல் என்றால் கப்பால், பெட்டி என்றால் பெத்தி, முதல் போடுவது மோடால். எல்லாம் வணிகத்தோடு போன சொற்கள். கடலோரம் உட்கார்ந்து பேரம் பேசியவர்கள் விட்டுப்போனவை.

அடுத்து 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் இறங்கினார்கள். சில பத்து வருடங்களுக்குள் ஒரே தெருவில் குவான் யின் கோயில், கப்பித்தான் கிளிங் மசூதி, புனித ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் வந்துவிட்டன. மாரியம்மன் கோயில் 1833-இல் பின்பக்கத் தெருவில் எழுந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய சூலியா தெரு இன்றும் இருக்கிறது. அது துறைமுக நகரம். அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் போகும் ஐந்தடி நடைபாதையில், நடந்தால் ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல் போக முடியாது. அதனால் அங்கேயும் ஒரு பழக்கம் கூடிவந்தது. தைப்பூசத்தில் தேர் வரும்போது ரோட்டில் மலைபோல் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் சீனர்களை இன்றும் நிறையப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்கள் பெருமளவில் வந்தார்கள். கோலாலம்பூரே 1857-இல் சுரங்கத் தொழிலாளர் போட்ட குடியிருப்பாகத் தொடங்கிய ஊர்தான். இவர்களை எல்லாரும் ஒரே வாயில் சீனர் என்கிறோம். ஹொக்கியன், ஹக்கா, கந்தோனீஸ் என்று அவர்களுக்குள் மொழி வேறு, கோயில் வேறு. பேராக் மாநிலத்து லாருட்டில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு கூட்டங்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டன. அந்தச் சண்டையைச் சாக்காக வைத்துத்தான் 1874-இல் பங்கோர் உடன்படிக்கை மூலம் ஆங்கிலேயர் பேராக் ஆட்சிக்குள் கால் வைத்தார்கள். மலாய்க்காரர் என்ற பெயருக்குள்ளும் இதே கதைதான்: ஜொகூரில் ஜாவாவிலிருந்து வந்தவர்கள், சிலாங்கூரில் பூகிஸ், நெகிரி செம்பிலானில் தாய்வழிச் சொத்துரிமை கொண்ட மினாங்கபாவ். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்துப் பிறரும், சீனர், தமிழரும் இந்தியாவின் பிறரும் என்று கட்டம் போட்டார்கள். கணக்குக்காகப் போட்ட கட்டம் போகப் போக மனிதர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

என் குடும்பம் வந்தது ரப்பர் அலையில். அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

1877-இல் சில ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. முப்பது வருடத்தில் மேற்குக் கரை முழுக்கக் கித்தாக் காடாகிவிட்டது; ரப்பரை நாங்கள் கித்தா என்போம். அதற்கு ஆள் வேண்டும். முதலில் சஞ்சிக்கூலி, ஒப்பந்தம் முடியும்வரை அடிமைக்குப் பக்கத்து வாழ்க்கை. அது 1910 வாக்கில் நின்றது. அப்புறம் கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், சொந்தபந்தத்தையும் தெருக்காரர்களையும் திரட்டிக்கொண்டு வருவான். அவர்களில் எத்தனை பேர் அன்றன்று வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனைக்கும் அவனுக்குத் தலைக்காசு. ஆண், பெண், குழந்தை, சாதி, குலதெய்வம் எல்லாம் ஒரே கப்பலில் ஏறின. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியபோது ஒன்பது வயது. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் இறக்கித் துணியையெல்லாம் அவித்தார்கள் என்பார். அவர் கொண்டுவந்த சிவப்புப் பாவாடை சாயம் போய் வந்ததை எழுபது வருடம் கழித்தும் சொல்லி வருத்தப்படுவார்.

இங்கேதான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில். மலாக்கா வணிகன் உள்ளூரோடு கலந்தே ஆக வேண்டியிருந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு அந்தத் தேவையே வரவில்லை, வரவிடவும் இல்லை. விடியும் முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் மரம் வெட்டப் போவது, அதாவது பாலுக்காக ரப்பர் மரப் பட்டையைக் கீறுவது, மதியம் பால் எடை, சாயங்காலம் லயம். மாரியம்மன் கோயில் உள்ளே, கள்ளுக்கடை உள்ளே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை உள்ளே. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, அதுவும் உள்ளேதான். மலாய்க் கம்பம், அதாவது கிராமம், இரண்டு கல் தொலைவில் இருந்தும் என் பாட்டி மலாய் கற்றுக்கொள்ளவே இல்லை. நெல்லுக்கு மலாய்க்காரர், ஈயத்துக்குச் சீனர், ரப்பருக்குத் தமிழர் என்று பிரித்து வைத்தது முதலாளிகளுக்கும் ஆட்சிக்கும் வசதி. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து கூலி பேச மாட்டார்கள்.

அந்தத் தனிமைதான் எங்கள் தமிழைக் காப்பாற்றியது. இன்று மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு வேர் அந்த லயங்களில்தான் இருக்கிறது. எங்களை ஏழைகளாகவே வைத்திருந்ததும் அதே தனிமைதான். எனக்கு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வருகிறது.

உள்ளே வந்து போன ஒரே வேற்றினத்தவர் எங்கள் தோட்டத்து மளிகைக்கடைச் சீனர். தௌக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட வார்த்தை உட்பட. கடனை 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டில் எழுதி வைப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன், எல்லாம் சீன எழுத்து. பாட்டி பெயர் எது என்று கேட்டதும் மூன்று எழுத்தைத் தொட்டு "மா-லி-யா" என்று படித்துக் காட்டினார். மாரியாயி. தமிழ்ப் பெயரை அவர் காதுக்குக் கேட்டபடி எழுதி வைத்திருந்தார். சம்பள நாளில் பாட்டி பணம் கொடுத்ததும் அந்த மூன்று எழுத்தின் மேல் ஒரு கோடு விழும்.

1931 கணக்கெடுப்பில் சிங்கப்பூரையும் சேர்த்த மலாயாவில் மலாய்க்காரர் பாதிக்கும் கீழே இருந்தார்கள். இன்றைய அரசியலின் அச்சம் பலவற்றுக்கும் வேர் அந்த எண்தான் என்பது என் எண்ணம். தம் மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குடியேற்றத்தை அவர்களிடம் யாரும் கேட்டுச் செய்யவில்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானது. பல தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறித் திரும்பின. என் பெரிய பாட்டி திரும்பவில்லை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே இறந்தார். நாற்பது வருடம் மரம் வெட்டியவர்.

எங்களுக்கு உண்மையான கலப்பு தோட்டங்கள் மூடப்பட்ட பிறகுதான் தொடங்கியது. ரப்பர் போய் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. எங்கள் லயமும் இடிக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த முதல் மாதத்திலேயே என் அம்மா எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் மலாய் பேசப் பழகிவிட்டார். குழாயில் தண்ணீர் வராத நாளில் பேசாமல் இருக்க முடியாது.

இப்போது வந்துகொண்டிருப்பது அடுத்த அலை. இந்தோனேசியர், வங்கதேசத்தவர், நேபாளிகள், மியன்மாரிலிருந்து வருகிறவர்கள். நாங்கள் விட்டுவந்த தோட்டங்களில் இன்று வேலை செய்வது அவர்கள். கட்டுமான இடங்களில் அவர்கள் தங்கும் கொட்டகைக்குப் பெயர் கொங்சி. சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடி வாழ்ந்த வீட்டின் பெயர் அது. ஆள் மாறிவிட்டார்கள், சொல் அங்கேயே இருக்கிறது. "இவனுங்க வந்துதான் ஊரே கெட்டுப்போச்சு" என்று எங்கள் ஆட்களே சொல்லும்போது எனக்கு மனது வலிக்கிறது. பாட்டியைப் பார்த்தும் யாரோ இதைச் சொல்லியிருப்பார்கள்.

இந்த அலை மலாக்கா செட்டிகளைப் போல ஒரு சமூகத்தை விட்டுச் செல்லும் என்று நான் நினைக்கவில்லை. தற்காலிக வேலைப் பெர்மிட்டில் வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது, இங்கே திருமணமும் செய்யக் கூடாது என்பது விதி. எங்கள் அடுக்குமாடியின் காவலாளி ஒரு நேபாளி. முன்பு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்ததால் தமிழ் பேசுவார். என் அம்மாவை "அம்மா" என்றே கூப்பிடுவார். இரவு பத்து மணிக்கு மேல் காவல் அறையில் கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து மகனோடு பேசிக்கொண்டிருப்பார். பையனுக்கு ஆறு வயது. அப்பாவை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறான்.