புயலில் சுவர் நிற்கிறது, கூரைத் தகரம் மட்டும் ஏன் பறக்கிறது?

காற்று தகரத்தைத் தள்ளுவதை விட மேல்நோக்கி இழுப்பதுதான் அதிகம். கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறையும். அந்த நேரம் பார்த்து ஒரு யன்னல் உடைந்தால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தூக்கும். வெறும் ஆணி தாங்காது. விளிம்பும் மூலையும்தான் முதலில் கிளம்பும், அங்கே கொக்கி ஆணிகளை நெருக்கமாகப் போடுங்கள். கைமரங்களை இரும்புப் பட்டியால் சுவரோடு பிணைப்பது இன்னும் முக்கியம்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. நம் ஊருக்கு இது புதிதல்ல, 1964 டிசம்பர் புயலையும் கண்ட ஊர்தானே.

அப்புறம் ஒன்று: நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் தகரத்தைச் சரிசெய்யக் கூரையில் ஏறிவிடாதீர்கள், தயவுசெய்து. அது புயலின் கண்ணாக, அதாவது அதன் அமைதியான நடுப்பகுதியாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.