தம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை வெட்டி இழுப்பது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. போன டிசம்பரில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர், நினைவிழந்து ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்தார். அதன்பின் தம்ளரை எடுத்தாலே கை வெட்டி இழுக்கிறது. நிற்கும்போது முழங்கால் சட்டென மடங்குகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போடுகிறார்கள். குணமாகுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை என்கிறீர்களே, அதுதான் முக்கியத் தடயம். பார்க்கின்சன் நடுக்கம் ஓய்வில்தான் வரும். கையை அசைத்தால் குறையும். இங்கே நேர் எதிர். பிராணவாயு தடைபட்டு மீண்ட மூளையில் வரும் மயோகுளோனஸாக, அதாவது தசை திடீரென வெட்டித் துள்ளும் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் 1963-ல் விவரித்த நோய் இது.

தானாக வரும் அசைவு என்றாலே மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்கிலியாவைத்தான் சந்தேகிப்பார்கள். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு அதையும் கெடுக்கும். ஆனால் அப்போது உடல் இறுகும், நடை தளரும். வெட்டி இழுப்பு பெரும்பாலும் மேலடுக்கான புறணியில் பிறக்கிறது. தொடுதலும் அசைவும் அனுப்பும் செய்திகளை அங்குள்ள தடுப்பு நரம்பணுக்கள் அடக்கிவைக்கும். அவை நலிந்தால், தம்ளரைத் தொட்ட செய்தியே தசையை இயக்கும் பகுதியைத் தூண்டிவிடும். ஒவ்வொரு வெட்டும் 50 மில்லிசெகண்டுக்கும் குறைவு. முழங்கால் மடங்குவது இதன் மறுபக்கம்: தசையின் பிடி கணநேரம் அறுகிறது. சத்துக் குறைவல்ல, ஊசியால் பயனில்லை.

அம்மா உட்கார்ந்திருப்பது, கை நீட்டுவது, தண்ணீர் குடிப்பது, எழுந்து நடப்பது எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து, கோவையில் ஒரு நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள். மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி.யையும் தசையின் மின் இயக்கத்தைக் காட்டும் இ.எம்.ஜி.யையும் ஒன்றாகப் பதிந்தால், கை துள்ளுவதற்குச் சுமார் 20 மில்லிசெகண்டு முன்பே புறணியில் ஒரு கூர்மையான மின்னலை தெரியும். சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்; அவை பழுதானாலும் தசைப்பிடி இப்படி அறும்.

இதற்குத் தரும் மருந்துகளில் லெவெடிராசெட்டம் வழக்கமாக 250 மி.கி. அல்லது 500 மி.கி. இருவேளை தொடங்கிப் படிப்படியாக உயரும்; சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும். எரிச்சல், கோபம் கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளோனாசெபாம் என்ற மருந்தும் உதவும், ஆனால் தூக்கக் கலக்கம் தரும். இந்த மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். வலிப்பு என்று நினைத்து கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தால் துள்ளல் கூடலாம். பல மாதங்களில் கை ஓரளவு தேறும். முழங்கால் மடங்குவதுதான் மருந்துக்கு எளிதில் அடங்காது.

ஆகவே தேயிலைச் சரிவில் தனியே நடக்கவிடாதீர்கள், படியில் கைப்பிடி வையுங்கள். தம்ளரில் பாதி ஊற்றி, முழங்கையை மேசையில் ஊன்றிக் குடிக்கட்டும். கொதிக்கும் பாத்திரம் வேண்டாம். சொல்லாமல் தொடவும் வேண்டாம், அதுவே துள்ளலைக் கிளப்பும். நினைவு தப்பினாலோ, துள்ளல் நிற்காமல் தொடர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.