பூவாதே காய்க்கும் மரமும் பூக்கவே பூக்காத மரமும்

அன்புள்ள ஐயா,

துறையூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் மரம் கல்லாக மாறிக் கிடக்கும் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தோம். இது பூக்காத மரவகை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். உடனே ஒரு பையன், "பூவாதே காய்க்கும் மரமும் உள என்று ஔவையார் பாடினாரே, அது இதுதானா டீச்சர்?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகமாகிவிட்டது. சவுக்கும் இந்த வகைதானே? இன்னொன்று, பள்ளி வாசலில் இருக்கும் சைகஸ் என்ற அலங்காரச் செடியின் நடுவில் மஞ்சளாக, பெரிய சோளக்கதிர் போல ஒன்று எழும்பி நிற்கிறது. தோட்டக்காரர் பூ என்கிறார். பூக்காத மரம் எப்படிப் பூ விடும்?

(துறையூரிலிருந்து ஓர் ஆசிரியை. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனிடம் நாளைக்கே "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். கூடவே, கேட்டதற்காக முதுகில் ஒரு தட்டும் தட்டிக்கொடுங்கள்.

ஔவை சொல்வது ஆல், அத்தி, பலா போன்ற மரங்களை. பழந்தமிழில் இவற்றுக்குக் கோளி என்று தனிப் பெயரே உண்டு. பூ வெளியே தெரியாது, அவ்வளவுதான். அத்திக்காயைப் பிளந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் பூக்கள். பலாவில் ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது. சுளைகளுக்கு நடுவே நாம் பிய்த்து எறிகிறோமே சடை, அது காயாகாமல் போன பூக்கள்.

நிஜமாகவே பூக்காத மரம் காய்க்கவும் காய்க்காது. காய் என்பது பூவின் சூல்பை பருத்து உருவாவது. பூவே இல்லாத இடத்தில் சூல்பை ஏது, காய் ஏது? விதை மட்டும் உண்டு, மூடுவதற்கு ஒன்றும் இல்லாமல். இப்படிப்பட்ட மரங்களுக்கு அறிவியலில் ஜிம்னோஸ்பெர்ம் என்று பெயர். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'அம்மண விதை' என்றுதான் பொருள். வகுப்பில் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

பூ, காய், விதை என்ற வரிசையிலேயே பார்த்துப் பழகியதால் பூமியிலும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நடந்தது தலைகீழ். விதை தோன்றிச் சுமார் 36 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூவுக்குத் தெளிவான புதைபடிவம் கிடைப்பது ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான். நடுவில் இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் பூவே இல்லாமல் விதைத்துக்கொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து கப்பலில் எண்ணூருக்கு வந்து இறங்குகிறதே நிலக்கரி, அது பெரும்பாலும் குளோசாப்டெரிஸ் என்ற பூக்காத மரத்தின் காடுகள் மக்கி இறுகியது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அதற்கு வெகுகாலம் பிந்தியது, இதில் சேர்க்காதீர்கள்.

நீங்கள் பார்த்த சாத்தனூர் மரம் 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. 18 மீட்டருக்கும் மேல் நீளம். 12 கோடி வயது என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை. அப்படியானால் பூ அப்போதுதான் உலகத்துக்குப் புதுசு!

விதை என்ன பெரிய விஷயம் என்று பிள்ளைகள் கேட்டால் விதையே இல்லாத பெரணியைக் காட்டுங்கள். பெரணியின் ஆண் உயிரணு தண்ணீரில் நீந்திப் போனால்தான் பெண் உயிரணுவைச் சேர முடியும். ஈரம் இல்லையென்றால் இனப்பெருக்கம் இல்லை. மகரந்தம் வந்து அந்தக் கட்டாயத்தைத் தீர்த்தது. காற்று தூக்கிக்கொண்டு போய், பின்னால் விதையாகப் போகும் சூலின் வாயிலேயே சேர்த்துவிடும்.

ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? 1896இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்தில் ஹிராசே என்பவர் கிங்கோ என்ற பூக்காத மரத்தின் விதைகளைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் வரையும் வேலைக்கு வந்தவர், பட்டம் எதுவும் கிடையாது. காற்றில் வந்த மகரந்தத்திலிருந்து உயிரணு வெளிப்பட்டு, சூலுக்குள் இருக்கும் ஒரு துளி நீரில் நீந்துவதை அவர்தான் முதலில் கண்டார். குளம் வேண்டாம் என்று கரையேறிய மரம், ஒரு சொட்டுக் குளத்தை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஹிராசே அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, பிறகு உங்களைப் போலப் பள்ளிக்கூட ஆசிரியரானார். அந்தக் கிங்கோ இன்னும் அங்கே நிற்கிறது. அதே 1896இல் இக்கெனோ என்பவர் சைகஸிலும் இதையே கண்டார். உங்கள் பள்ளி வாசலில் இருப்பது அனேகமாக அவர் பார்த்த அதே இனம்தான்.

இன்று பூக்கும் தாவரங்கள் சுமார் 3 லட்சம் இனம். பூக்காமல் விதை விடுபவை ஆயிரத்துச் சொச்சம். அதற்காக இவற்றை 'வாழும் புதைபடிவம்' என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. குடும்பம் பழையது, பிள்ளைகள் பழையவர்கள் அல்ல. இன்றுள்ள சைகஸ் வகை இனங்களில் பெரும்பாலானவை கடந்த 1.2 கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என்று 2011இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. டைனோசர் தின்ற செடி இதுவே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, சவுக்கு. அது பூக்கும் மரம். ஊசி போலத் தெரிவது இலை அல்ல, மெல்லிய குச்சி. கணுவில் இழுத்தால் பிட்டுக்கொண்டு வரும். கணுவைச் சுற்றிப் பல் பல்லாக இருப்பவைதான் இலைகள். வேடிக்கை என்னவென்றால், தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும், பைன் போன்ற ஊசியிலைக் கூட்டத்து மரம் நாகையா என்ற ஒன்றுதான், அதற்கு ஊசியிலையே கிடையாது, அகலமான இலை. கொடைக்கானல் பைன் காடெல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து நட்டது.

உங்கள் தோட்டக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது நம் மலைகளில் வளரும் சைகஸின் ஆண் கூம்புச் செதில். கூம்பு என்பது பூவுக்குப் பதிலாக இவை விடுவது. பூக்காத மரத்திலிருந்து வருவதற்குப் 'பூ' என்றே பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் வாசலில் நிற்பதும் ஆண் கூம்புதான், மகரந்தம் மட்டும் தரும். அக்கம்பக்கத்தில் பெண் செடி இருக்கிறதா என்று அவரிடமே விசாரியுங்கள். அதன் நடுவில் கதிர் இருக்காது. இலை போன்ற மடல்களின் ஓரத்தில் செம்மஞ்சள் விதைகள் அப்படியே வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும். அம்மண விதைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒன்று மட்டும், பிள்ளைகள் அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நஞ்சு.