ரெண்டு கேபி ராம்ல குடித்தனம்: ஆர்டுயினோ மெமரி பத்தி நீங்க கேட்டது

இந்த தடவை வந்த கேள்வியெல்லாம் ஒரே இடத்தத்தான் சுத்துது, மெமரி பத்தல. முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, ஊனோ ஆர்3, நானோ ரெண்டுலயும் இருக்கிறது அட்மெகா 328பி சிப், அதுல ஃப்ளாஷ் (புரோகிராம் இருக்கிற இடம்) 32 கேபி, ராம் (ஓடும்போது வேரியபிள் இருக்கிற இடம்) 2 கேபி, ஈஈப்ராம் (கரண்ட் போனாலும் அழியாத சின்ன சேமிப்பு) 1 கேபி. மூணும் தனித்தனி இடம், ஒண்ணுல மிச்சம் இருக்கேன்னு இன்னொண்ணுக்கு கடன் வாங்க முடியாது.

கேள்வி: கம்பைல் பண்ணும்போது ராம் 61% தான்னு காட்டுது சார், ஆனா ஓஎல்இடி டிஸ்ப்ளே கருப்பாவே இருக்கு, போர்டு வேற திரும்பத் திரும்ப ரீசெட் ஆகுது. டிஸ்ப்ளே போயிடுச்சா?

டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கும், தூக்கிப் போட்றாதீங்க. அந்த 61% குளோபல், ஸ்டாட்டிக் வேரியபிளுக்கு மட்டும் போட்ட கணக்கு, ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற லோக்கல் வேரியபிள், ஓடும்போது மாலாக் பண்ணி (இடம் கேட்டு) எடுக்கிறது எதுவும் அதுல வராது. உங்க டிஸ்ப்ளே 128க்கு 64, அதாவது 8192 புள்ளி, புள்ளிக்கு ஒரு பிட்னாலே 1024 பைட் வேணும். அடாஃப்ரூட்டோட எஸ்எஸ்டி1306 லைப்ரரி இந்த 1024 பைட்ட பிகின்ங்கிற (டிஸ்ப்ளேய ஆரம்பிக்கிற) ஃபங்ஷன கூப்பிடும்போதுதான் கேட்டு வாங்கும். 2048ல 61% போனா மிச்சம் சுமார் 800, எங்கேர்ந்து குடுக்கிறது? பிகின் ஃபால்ஸ்னு திருப்பிச் சொல்லுது, நிறைய பேரு அத செக் பண்ணாமலே அடுத்த வரில கிளியர் டிஸ்ப்ளேன்னு போட்டுடுறோம், அப்ப அது பூஜ்ஜியம் அட்ரஸ்லேர்ந்து எழுத ஆரம்பிக்குது, ஏவிஆர்ல (328பி சேர்ந்த சிப் குடும்பம்) அந்த அட்ரஸ்ல உக்காந்திருக்கிறது சிப்போட ரெஜிஸ்டர்கள். அதுங்க மேல எழுதினா போர்டு எப்படி ஓடும், அதான் ரீசெட்.

ரெண்டு வழி இருக்கு. யூ8ஜி2 லைப்ரரில பேஜ் பஃபர் மோடு எடுத்தீங்கன்னா 128 பைட்ல வேலை முடியும், படத்த எட்டு துண்டா வரையும், அதனால கொஞ்சம் ஸ்லோ, ஆனா டெம்பரேச்சர் காட்ட அது போதும். வெறும் எழுத்து மட்டும்னா யூ8எக்ஸ்8, அதுக்கு ஸ்க்ரீன் பஃபரே வேண்டாம். அப்புறம் பிகின் என்ன சொல்லுதுன்னு ஒரு இஃப் போட்டு கண்டிப்பா பாருங்க. பொதுவா ஐடிஇ (நாம கோடு எழுதி கம்பைல் பண்ற சாஃப்ட்வேர்) 75% தாண்டினாத்தான் எச்சரிக்கும், நான் 60 தாண்டினாலே எழுந்து உக்காருவேன், ஏன்னா ஸ்டாக் (லோக்கல் வேரியபிள் இருக்கிற இடம்) மேலேர்ந்து கீழ வருது, ஹீப் (மாலாக் எடுக்கிற இடம்) கீழேர்ந்து மேல போகுது, ரெண்டும் முட்டிக்கிட்டா எந்த எரர் மெசேஜும் வராது, வேரியபிள்ல சம்பந்தமில்லாத நம்பர் வரும், நீங்க சென்சார சந்தேகப்பட்டு ரெண்டு நாள் வீணாக்குவீங்க.

கேள்வி: சீரியல் பிரிண்ட்ல எழுதுற மெசேஜ் மாறவே போறதில்ல, அது ஏன் ராம்ல உக்காருது?

நியாயமான கேள்வி. ஏவிஆர்ல புரோகிராம் மெமரிக்கும் டேட்டா மெமரிக்கும் வழியே வேற வேற. சாதாரண பாயின்டரால ஃப்ளாஷ படிக்க முடியாது, அதனால போர்டு ஆன் ஆன உடனே எல்லா வாக்கியமும் ஃப்ளாஷ்லேர்ந்து ராமுக்கு காப்பி ஆகிடுது. 25 எழுத்துல 40 மெசேஜ் வச்சா, முடிவுல வர்ற பூஜ்ஜியத்தையும் சேர்த்து 1040 பைட், பாதி ராம் காலி! மேற்கோள் குறிக்கு வெளிய எஃப் மேக்ரோ சுத்திட்டா அது ஃப்ளாஷ்லயே இருந்துக்கும். பெரிய டேபிள், ஃபான்ட் மாதிரி டேட்டான்னா ப்ரோக்மெம் (ஃப்ளாஷ்லயே வைன்னு சொல்ற குறி) போடுங்க, ஆனா படிக்கும்போது பிஜிஎம் ரீட் பைட் வழியா படிக்கணும், நேரா படிச்சா குப்பைதான் வரும்.

கேள்வி: ஸ்ட்ரிங் கிளாஸ் யூஸ் பண்ணா போர்டு ரெண்டு நாள்ல ஹேங் ஆகுது, கோடு சரியாத்தான் இருக்கு ப்ரோ.

கோடு சரிதான், ஹீப்புதான் ஓட்டையாகுது. பிளஸ் போட்டு ஒட்டிக்கிட்டே போகும்போது ஸ்ட்ரிங் பெருசாகும், பழைய இடத்துல பத்தலன்னா புது இடம் தேடும், பழசு சின்னச் சின்ன இடைவெளியா நின்னுடும், மொத்தமா 500 பைட் ஃப்ரீயா இருந்தாலும் சேர்ந்தாப்ல 60 பைட் கிடைக்காது. எங்க வீட்டு மாடித் தொட்டி தண்ணி மட்டத்துக்கு வச்ச போர்டு இப்படித்தான் ராத்திரில நின்னு நின்னு போச்சு, கேர் அர்ரேக்கு (அளவு மாறாத எழுத்து வரிசைக்கு) மாத்தினதுக்கு அப்புறம் தொந்தரவே இல்ல. 40 பைட்ல ஒரு அர்ரே, அதுல எழுத எஸ்என்பிரிண்ட்எஃப், அவ்வளவுதான். ஃப்ளோட்ட அதுல நேரா போட்டா ஏவிஆர்ல கேள்விக்குறிதான் வரும், முதல்ல டிடிஓஎஸ்டிஆர்எஃப் (எண்ண எழுத்தாக்குற ஃபங்ஷன்) வச்சு மாத்திக்கோங்க. ஸ்ட்ரிங்க விடவே முடியாதுன்னா செட்டப்லயே அதுக்கு வேண்டிய இடத்த ரிசர்வ் பண்ணி வைங்க.

கேள்வி: 300 டெம்பரேச்சர் ரீடிங் சேர்த்து வைக்கணும், இடம் இல்ல.

ஃப்ளோட் 4 பைட், 1200 போயிடும். டபுள்னு போட்டாலும் இந்த சிப்புல அதே 4தான். 27.4ங்கிறத பத்தால பெருக்கி 274ன்னு இன்ட்ல வைங்க, 600 பைட்ல முடிஞ்சிடும்.

கேள்வி: அப்ப அந்த ரீடிங்க ஈஈப்ராம்ல எழுதிடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு செல்லுக்கும் 1,00,000 தடவைதான் எழுதலாம்னு டேட்டாஷீட் சொல்லுது. நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே அட்ரஸ்ல எழுதினா ஒரு நாளைக்கு 1440, எழுபது நாள்ல அந்தக் கணக்கு முடிஞ்சது. செட்டிங்ஸ் மட்டும் வைங்க, ரைட்டுக்கு பதிலா அப்டேட் போடுங்க, மதிப்பு மாறியிருந்தா மட்டும் எழுதும். ரீடிங்குக்கு எஃப்ராம் (கரண்ட் போனாலும் அழியாத வேற வகை மெமரி) சிப் நல்லது. எஸ்டி கார்டும் ஓகே, ஆனா அந்த லைப்ரரி 512 பைட் பஃபர் வச்சிருக்கு, அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

கேள்வி: பேசாம இஎஸ்பி32க்கு மாறிடட்டுமா?

வைஃபையோ பெரிய டிஸ்ப்ளேயோ வேணும்னா தாராளமா மாறுங்க, 520 கேபி எஸ்ராம் இருக்கு, அதுல ஒரு பங்க வைஃபை எடுத்துக்கும், அப்பவும் ஊனோவோட ஒப்பிட்டா மைதானம். இஎஸ்பி8266னா மட்டும் கவனம், அதுலயும் வாக்கியங்கள் ராம்லதான் உக்காரும், எஃப் மேக்ரோவ விட்டுடாதீங்க. ஒரு சென்சார், ஒரு ரிலே, பேட்டரின்னா 328பியே போதும், அத மாத்தாதீங்க.