உதட்டுப் புண் வரும் அம்மா குழந்தையைத் தூக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. எட்டாம் மாதம் நடக்கிறது. பள்ளி நாட்களிலிருந்தே காய்ச்சல் வந்தாலோ வெயிலில் அலைந்தாலோ உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வரும். பத்து நாளில் காய்ந்துவிடும். அது ஹெர்பிஸ் வைரஸ், பச்சைக்குழந்தையின் மூளையைத் தாக்கும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் தங்கைக்கும் இப்போது ஐந்து மாதம். அவளுக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை, கொடுத்துவைத்தவள். பிறந்ததும் குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கியே இருக்கட்டுமா?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: ஒதுங்கவெல்லாம் வேண்டாம்மா. இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது உங்கள் குழந்தைதான்.

பல வருடமாக உங்களோடு குடியிருக்கும் வைரஸ் இது. அதற்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், உங்கள் ரத்தத்தில் தயாராக இருக்கிறது. அதில் ஐ.ஜி.ஜி. என்ற வகை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். ஏழாம் மாதத்துக்கு மேல்தான் இது வேகம் பிடிக்கும். நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் அம்மாவுக்கு இருக்கும் அளவு இருக்கும், சில சமயம் கூடவே இருக்கும். கர்ப்பத்தில் உங்களுக்குப் போட்ட டி.டி. ஊசி குழந்தையை ரணஜன்னியிலிருந்து காப்பதும் இதே வழியில்தான்.

இந்த வைரஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும் ரகம். உங்கள் உதட்டுக்கு அது வருவதே மண்டைக்குள், காதுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சிலிருந்துதான். புண் ஆறியபின் அங்கேயே படுத்துக்கிடக்கும். அப்படியானால் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி நரம்புக்குள் எட்டுமா? அமெரிக்காவின் டார்ட்மவுத் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட எலி ஆய்வு இதைத்தான் பார்த்தது. முன்பே தொற்று வந்த தாய் எலியின் ஆன்டிபாடி, வயிற்றிலிருந்த குட்டியின் அந்த நரம்பு முடிச்சு வரை போயிருந்தது. அந்தக் குட்டிகள் பிறந்தபின் வைரஸைத் தாங்கிக்கொண்டன. மனிதக் கருவின் நரம்பு முடிச்சிலும் அதே ஆன்டிபாடி தென்பட்டது.

எலி எலிதான், சரி. ஆனால் பிரசவ அறையில் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. குழந்தைக்கு இது பெரும்பாலும் தொற்றுவது பிறப்புறுப்பு வழியாக. அங்கே பழைய தொற்று உள்ள அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்குள். பிரசவத்தை ஒட்டி முதன்முதலாகத் தொற்றினால் 30 முதல் 50!

அதனால் என் கவலையெல்லாம் உங்கள் தங்கையைப் பற்றித்தான். கொப்புளமே வராமல் வைரஸோடு இருப்பவர்கள் ஏராளம். அவரும் அப்படி இருக்கலாம். இல்லையென்றால் அவர் குழந்தைக்குக் கொடுக்க அவரிடம் ஆன்டிபாடி இருக்காது. அவர் கணவருக்கு உதட்டுப் புண் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால், உதட்டு வைரஸ் பிறப்புறுப்புக்கும் தொற்றும் என்பதால் கடைசி மூன்று மாதம் வாய்வழி உறவு வேண்டாம், புண் இருக்கும் நாட்களில் முத்தமும் வேண்டாம். கேட்கக் கூச்சம்தான், அக்காதான் கேட்க வேண்டும்.

உங்களுக்கு வருகிறேன். ஆன்டிபாடி முழுக்கவசம் இல்லை. குறைமாதத்தில் பிறந்தால் குழந்தைக்குக் குறைவாகவே போயிருக்கும். எனவே உதட்டோரம் குறுகுறுவென்று ஆரம்பித்தாலே மாஸ்க் போடுங்கள், கையைச் சோப்பால் கழுவிவிட்டுத் தூக்குங்கள், பொருக்கு உதிரும்வரை முத்தம் வேண்டாம். பால் தாராளமாகக் கொடுக்கலாம், மார்பில் புண் இல்லாதவரை. பிறப்புறுப்பில் எப்போதாவது கொப்புளம் வந்திருந்தால் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். வலி எடுக்கும் நேரத்தில் அங்கே புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

அப்புறம், பார்க்க வரும் கூட்டம். பெரியப்பா விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்துச் சேனை வைப்பார், அத்தை கன்னத்தைக் கிள்ளி உச்சுக் கொட்டி முத்தம் வைப்பார். யார் உதட்டில் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் எவரும் பார்ப்பதில்லை. "டாக்டர் திட்டுவார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். சேனையே வேண்டாம்.

முதல் ஆறு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, வெட்டி வெட்டி இழுத்தாலோ, 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கொப்புளம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூளையைத் தாக்கும்போது பல குழந்தைகளுக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. முதுகுத்தண்டு நீரைச் சோதிப்பார்கள். மூளைத் தொற்று என்றால் அசைக்ளோவிர் மருந்தை 21 நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

அம்மாவிடம் குழந்தையைத் தாராளமாகக் கொடுங்கள். அவர் உதட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு.