ஸ்டென்சிலும் ஏர்பிரஷும்: வண்டி எழுத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (திருச்செங்கோடு): அண்ணா, எங்கள் ரிக் வண்டியின் (ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி) கதவில் பெயர் எழுதி ஸ்டென்சிலை, அதாவது எழுத்தை வெட்டிய தகட்டை, எடுத்தபோது, ஓரமெல்லாம் பெயின்ட் கசிந்திருந்தது. பெயின்ட் மட்டமானதா?

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்லுமுன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். இந்த வேலைக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். அதைத் தாண்டினால் காற்றே தகட்டின் ஓரத்தைத் தூக்கிப் பெயின்ட்டை அடியில் தள்ளிவிடும். காற்றால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்தாலும், ஒரே பூச்சில் நிறத்தை ஏற்றிவிட அவசரப்பட்டாலும் இதே கதிதான். நேராகப் பிடித்து, ஒவ்வொரு பூச்சின் ஈரப் பளபளப்பும் அடங்கிய பிறகே அடுத்ததை மெல்லியதாக அடியுங்கள். தகட்டுக்குப் பதில் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டுபவராக இருந்தால், முதல் பூச்சைக் கதவின் நிறத்திலேயே அடித்துவிடலாம். கசிந்தாலும் அந்த நிறமே கசிந்து ஓரத்தை அடைத்துக்கொள்வதால், பின்னால் வரும் எழுத்து நிறம் நுழைய வழி இராது.

கேள்வி (நாமக்கல்): ஆங்கில எழுத்து நன்றாக வருகிறது. தமிழில் 'க', 'வ' வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழுகிறதே?

பதில்: 'ப', 'ட', 'ர' ஆகியவற்றில் மூடிய சுழி இல்லை, 'க', 'வ', 'ண' போன்றவற்றில் உண்டு. ஆங்கிலத்து 'ஓ'வுக்கும் இதே சிக்கல்தான், ஆனால் கடைத் தகட்டில் பாலம் விட்டே வெட்டியிருப்பதால் அது உங்கள் கண்ணில் படவில்லை. நீங்களும் சுழியின் உட்பகுதியை வெளித்தகட்டோடு இணைக்கும் மெல்லிய பாலம் விட்டு வெட்டி, அடித்து முடித்தபின் அந்த இடைவெளியைத் தூரிகையால் நிரப்புங்கள். நிரப்பாமல் விட்ட எழுத்து சரக்குப் பெட்டிக்குப் பொருந்தும். குலதெய்வத்தின் பெயருக்குப் பொருந்தாது. ஸ்டிக்கரில் வெட்டி, மேலே டேப் ஒட்டி அப்படியே எடுத்து வைத்தால் பாலமே தேவையில்லை.

கேள்வி (உடுமலை): ஆடி மாதத்தில் அடித்தால் எழுத்து சொரசொரப்பாகிறது.

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பருவத்தில், பெயின்ட் பரப்பைத் தொடுமுன்பே காய்ந்து தூளாக விழுகிறது. பெயின்ட்டை இளக்கும் தின்னரில் மெதுவாக ஆவியாகும் வகையைக் கலந்து, சற்று நெருங்கி அடியுங்கள். காற்று வரும் பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்து, புழுதி எழாதபடி தரையில் நீர் தெளியுங்கள்.

கேள்வி (கரூர்): ஹார்டனர் (கெட்டியாக்கும் திரவம்) கலந்து அடிக்கும் டூகே பெயின்ட்டை அடிக்கும்போது முகத்தில் துண்டு கட்டினால் போதுமா?

பதில்: போதாது. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லையென்றால், அந்தப் பெயின்ட்டைத் தொடாதீர்கள்.