ஊரடங்கில் நாய்க்குச் சுகமில்லை என்றால்? – மிருக வைத்தியர் பதில்கள்

கேள்வி: டொக்டர் ஐயா, 2021 ஜூனில் கொவிட்டுக்காகப் பயணத்தடை போட்டிருந்தபோது எங்கள் நாய்க்குட்டி மணி வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் கிடந்து மூன்றாம் நாள் செத்துப்போனது. டவுனுக்குப் போனால் பொலிஸ் பிடிக்கும், மிருக வைத்தியசாலையும் மூடித்தான் இருக்கும் என்று அப்பா போகவிடவில்லை. பனடோல் அரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். இப்போது தம்பி இன்னொரு குட்டி கொண்டுவந்திருக்கிறான். மறுபடியும் அப்படிப் பாதையை மூடினால் லயத்தில் இருக்கிற நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: மகள், மணிக்கு வந்தது பெரும்பாலும் நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாகத்தான் இருக்கும். அந்த வைரஸைக் கொல்லும் மருந்து எங்கள் கையில் இல்லை. சேலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குடலில் வேறு கிருமி சேராமல் ஊசி போட்டு, குட்டியின் உடம்பு தானாக எழும்பும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அதை லயத்துக் காம்பராவில் வைத்துச் செய்ய முடியாது, அதனால் நீங்கள் கவனிக்காமல் விட்டதால்தான் மணி செத்தது என்று மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பனடோல் விஷயத்தை நான் மறைக்க மாட்டேன். அது நாய்க்கு ஈரலைக் கெடுக்கும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். தொட்டுப் பார்த்தால் சுடுகிறது என்று கொடுத்துவிடுகிறார்கள். நாயின் சாதாரண உடம்புச் சூடே 38 முதல் 39 பாகை செல்சியஸ், எங்களைவிட அதிகம், எந்த நல்ல நாயும் கைக்குச் சுடத்தான் செய்யும். புரூஃபனும் அப்படித்தான், நாய்க்கு ஆகவே ஆகாது.

சரி, பாதை விஷயம். 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்ட நாளிலிருந்து நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான். மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் கேட்டுப் பார்க்கவேயில்லை. அந்தக் காலத்திலும் விவசாயத்துக்கும் தேயிலைத் தொழிலுக்கும் அனுமதி இருந்தது, கொழுந்து மலைக்கு ஆட்கள் போனார்கள். நாயைத் தூக்கிக்கொண்டு போகத்தான் தைரியம் வரவில்லை, லயத்து நாய்க்கு எதற்கு டொக்டர் என்று யாராவது சிரித்துவிடுவார்கள் என்ற கூச்சமும் அதில் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள் மகள். அரச கால்நடை வைத்திய அலுவலகம் மாட்டுக்கு மட்டும் உள்ள இடம் இல்லை, உங்கள் குட்டிக்கும் அங்கே உரிமை இருக்கிறது.

அந்த நாட்களில் என்னிடம் வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் முதலில் கோல் எடுத்தவர்கள். நான் விஷயத்தைக் கேட்டு, கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி அனுப்புவேன், அதைக் காட்டி பொலிஸில் கேட்டுக்கொண்டு ஓட்டோவில் வருவார்கள். எல்லா இடத்திலும் விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஒரு அம்மா பழைய கொழுந்துக் கூடையில் சாக்கு விரித்து அதில் குட்டியை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார், கூடையை மட்டும் நாங்கள் உள்ளே எடுத்தோம், மற்றதெல்லாம் போனில் பேசினோம். அந்தக் குட்டி பிழைத்தது. ஒருவர் மட்டும் வருவது, மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே காத்திருப்பது, இவ்வளவுதான் அப்போது எங்களுக்குத் தேவைப்பட்டது.

போனில் பேசும்போது என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் தடுமாறுவார்கள். வயது, ஊசி போட்டதா, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எத்தனை தடவை வாந்தி, கழிச்சலில் இரத்தம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அப்புறம் உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல் ஈறை, வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், ஏனென்றால் முரசு வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ உள்ளே இரத்தப்போக்கோ இருக்கலாம், அது நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற விஷயமில்லை. மூச்சுத் திணறல், நிற்காத வலிப்பு, சலம் போகாமல் முக்கும் கடுவன் பூனை, குட்டி போட முடியாமல் தவிக்கும் தாய், இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. லேசான சொறி, நகம், பூச்சி மருந்து எல்லாம் போனிலேயே முடியும். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற குட்டியின் வாயைப் பிளந்து ஜீவனியோ கஞ்சியோ ஊற்ற மட்டும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

இப்போது வந்திருக்கிற குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ ஊசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம்வரை போட்டு முடியுங்கள். அதற்கு முன்னால் மற்ற நாய்கள் மலம் கழிக்கிற லயத்து வாசலில் விடாதீர்கள், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், உங்கள் செருப்பிலேயே உள்ளே வரும். பார்வோ ஊசிக்குக் காசு போகும், தெரியும். விசர் நாய் ஊசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, குட்டிக்கு மூன்று மாத வயதில் ஒன்று, பிறகு வருடாவருடம். உங்கள் லயத்தில் பத்து வீட்டில் நாய் இருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு எழுதி, ஊசி போட ஒரு நாள் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கே அங்கிருக்கிற டொக்டரின் நம்பரை ஊசி அட்டையின் பின்னால் எழுதி வாங்கிவிடுங்கள். பெரிய வருத்தம், ஒப்பரேஷன் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து தூரம்தான், அதனால்தான் பக்கத்து டொக்டரை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொவிட் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் நாயைத் தொடவே பயந்தார். நாயால் பரவுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, நாய் பூனைக்கு மனிதரிடமிருந்து தொற்றியது உண்மை. 2021 ஜூனில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைச் சிங்கம் ஒன்றுக்கே தொற்று இருந்தது. ஆனால் கொவிட் முக்கியமாகப் பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான், நாயால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆகவே வீட்டில் தொற்று என்றால் நாயைக் கொஞ்சுவதைக் குறைத்து, சுகமாக இருக்கிற ஒருவர் சாப்பாடு வைத்து, கையைக் கழுவினால் போதும். சனிடைசரும் டெட்டோலும் உடம்பில் பூச வேண்டாம், நக்கினால் நஞ்சு, பூனைக்கு இன்னும் மோசம்.

கேள்வி: ஊரடங்கு நேரத்தில் நாய் கடித்தால் ஊரடங்கு எடுக்கும்வரை பொறுக்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பொலிஸ் மறித்தால் காயத்தைக் காட்டுங்கள். விசர் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். பிடிக்க முடிந்தால் கட்டிவைத்துச் சாப்பாடு தண்ணீர் கொடுங்கள், அது உயிரோடு இருக்கிறதா, நடையும் குணமும் மாறுகிறதா என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.